பழைய நேரம், புது நேரம்

ஹட்டன்

அன்பு மச்சான் ராஜுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை பிடித்தால் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது. ஹட்டனில் மழை பிடிக்காத நாள் எது, நீயே சொல்.

மூத்தவளின் ஜாதகத்தைத் திரும்பக் கணித்து அனுப்பச் சொல்லியிருந்தாய். டவுனில் கம்ப்யூட்டரில் ஜாதகம் அடித்துத் தரும் கடையொன்றில் 2001 ஜூலை, காலை 6.40, நுவரெலியா என்று விவரம் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் தாள் வந்துவிட்டது. ஆனால் உன் அப்பா அந்தக் காலத்தில் எழுதி வைத்த ஜாதகத்தில் மிதுன லக்னம், இதில் கடகம். கடைக்காரப் பொடியன் “கம்ப்யூட்டர் பிழை விடாது அண்ணே” என்கிறான். துருவிப் பார்த்தால், அந்த மென்பொருளுக்கு இலங்கை என்றாலே எந்த வருடமும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். 2001இல் நம் கடிகாரம் ஆறு மணி முன்னால் ஓடியது அந்தப் பொடியனுக்கு எப்படித் தெரியும்? அப்போது அவன் பிறந்திருக்கவே மாட்டான். அந்த அரை மணிதான் லக்னத்தைத் தள்ளிவிட்டது.

1996 உனக்கு மறந்திருக்காது. மழை பொய்த்து நீர்மின்சாரம் படுத்துவிட, மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்தார்கள். லயத்தில் கரண்டே இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான். விடிகாலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிய, போன சனம் ஏசிய ஏச்சு இன்னும் காதில் கேட்கிறது. ஒக்டோபர் 26இல் அரை மணி குறைத்தார்கள். மிச்ச அரை மணி 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 15இல்தான் போனது. பத்து வருடமாக “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்காமல் ஒரு கல்யாணத்துக்கும் போக முடியவில்லை.

சரி, இதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? எங்கள் பள்ளிக்கூடக் கணினி அறையில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய கணினி ஒன்று கிடக்கிறது. அதில் ஓர் ஊரின் நேர மாற்றங்களைப் பட்டியலிடும் ‘இசட்டம்ப்’ என்ற கட்டளையோடு ‘ஏசியா/கொழும்பு’ என்று கொடுத்தேன். 1996, 2006 மாற்றங்கள் வரிசையாக வந்தன. அதற்கு மேலேயும் போகிறது: இரண்டாம் உலக யுத்தத்தில் 1942இல் இரண்டு தடவை முன்னால் தள்ளியது, 1945இல் திருப்பியது, 1906க்கு முன் மொறட்டுவை நேரம் என்று தனியாக ஒன்று இருந்தது வரை. எனக்கே தெரியாத சங்கதி அது. மூத்தவள் பிறந்த நேரத்தைக் கொடுத்தால் ஆறு மணி வித்தியாசத்தைச் சரியாகக் கழித்துக் காட்டுகிறது. அப்பா கணித்தது சரி, மச்சான்.

இந்த நேர மாற்றத் தரவை 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கினார். பால் எகர்ட் பிறகு பொறுப்பெடுத்தார். எந்த நாட்டில் கடிகாரம் மாறினாலும் யாரோ ஒருவர் பத்திரிகைச் செய்தியோடு ஒரு மின்னஞ்சல் போடுகிறார், அதைச் சரிபார்த்துக் கோப்பில் ஏற்றுகிறார்கள். சம்பளம் கிடையாது. லினக்ஸ், பிஎஸ்டி, ஆண்ட்ராய்டு என்ற இயங்குதளங்கள் எல்லாம் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எனக்குப் பிடித்தது, அரசாங்கம் சொன்னதோடு அவர்கள் நிற்காமல், சனம் உண்மையில் எந்த நேரத்தை வைத்திருந்தது என்று பார்ப்பது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை என்ற செய்தியையும் கோப்பில் குறிப்பாக வைத்திருக்கிறார்கள்.

இனி வரப்போவதைக் கேட்டால் சிரிப்பாய். 2011 செப்டம்பர் கடைசியில் இந்த இருவர் மீதும் வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஆஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் கம்பனி! பழைய நேர மாற்ற விவரங்கள் தங்கள் அட்லஸிலிருந்து எடுக்கப்பட்டவை, பதிப்புரிமை தங்களுக்கே என்றது. சில நாள் தரவுத்தளமே மூடிக் கிடந்தது. ஒக்டோபர் நடுவில் இணைய முகவரிகளைப் பார்க்கும் ஐகான் அமைப்பு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. 2012 பெப்ரவரியில் கம்பனி வழக்கைத் திரும்பப் பெற்றது. நடந்ததை எழுதி வைக்கலாம், நடந்ததற்குச் சொந்தம் கொண்டாட முடியுமா? நம் சனம் இருட்டில் மலை ஏறியதற்கு எவன் உரிமை கேட்பது?

அதே மாதம் இணையத் தர ஆவணங்களில் ‘ஆர்எஃப்சி 6557’ வந்தது. இந்த நேரத் தரவின் பொறுப்பாளரை யார் நியமிப்பது, அவர் முடிவில் குறையிருந்தால் யாரிடம் முறையிடுவது என்று சில பக்கங்கள்தான். வாசித்துப் பார், நம் தோட்டக் கமிட்டி யாப்பை விடத் தெளிவு. தனி மனிதர்களின் நல்ல மனதை மட்டும் நம்பி இப்படிப்பட்ட வேலையை விடக்கூடாது என்பது என் எண்ணம். ஓல்சன் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு வக்கீல் நோட்டீஸில் எல்லாம் நின்றுபோனதே.

அப்புறம், அங்கே உன் ஒபிசில் கழிக்கும் மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக எழுதியிருந்தாய். 64 பிட் செயலி உள்ளதாக இருந்தால் மட்டும் அனுப்பு. 2025இல் வந்த டெபியன் 13இல் பழைய 32 பிட் இன்டெல் கணினிகளில் அதை நிறுவும் மென்பொருளே கிடையாது. அது போக, நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளாக 32 பிட்டில் எண்ணும் பழைய முறை, நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44க்கு நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நேரம். அன்றைக்கு நான் ஓய்வில் இருப்பேன், எனக்குப் பிறகு வருகிறவர் என்னை ஏசக்கூடாது பார். சார்ஜரையும் மறக்காமல் வை. போன தடவை வந்த இரண்டுக்கு இங்கே சார்ஜர் தேடியே கண்டியில் ஒரு நாள் போனது.

இப்படிக்கு,
உன் குமார்