புனாத்சாங்சு அணையின் வட்டிக் கணக்கு: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்திய வெளியுறவு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். பூட்டானுடனான நம் நட்பைப் பற்றிப் பெருமையாகப் பேச நிறையவே இருக்கிறது. 1958-ல், மோட்டார் சாலையே இல்லாத காலத்தில், நேரு குதிரையிலும் யாக்கிலும் மலையேறி பாரோவுக்குப் போனார். பூட்டான் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் தனி நாடாகவே இருக்க வேண்டும் என்று அங்கே பேசினார். அப்புறம் எல்லைச் சாலைகள் அமைப்பின் தந்தக் பிரிவு போய், எல்லையோரத்திலிருந்து திம்பு வரை சாலை போட்டது. அந்த மலைகளில் உயிரைவிட்ட தொழிலாளர்கள் ஏராளம்.

எல்லாவற்றிலும் பெரிதாக எனக்குப் படுவது சுக்கா நீர்மின் நிலையம்தான். 336 மெகாவாட். செலவில் 60 சதவீதத்தை நாம் மானியமாகவும், 40 சதவீதத்தைக் கடனாகவும் கொடுத்தோம். பூட்டான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, மிச்ச மின்சாரத்தை நாம் காசு கொடுத்து வாங்கினோம். 1,020 மெகாவாட் தாலா திட்டத்துக்கும் அதே 60-40 தான். பள்ளிப் படிப்பையும் மருத்துவத்தையும் மக்களுக்கு இலவசமாகத் தரும் அந்தச் சின்ன நாட்டின் கஜானாவுக்கு இந்த வருமானம் எவ்வளவு பெரிய பலம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் அதற்குப் பின் கணக்கு மாறிவிட்டது. 1,200 மெகாவாட் புனாத்சாங்சு-1 திட்டத்தில் மானியம் 40 சதவீதமாகக் குறைந்து, கடன் 60 ஆனது. வட்டி 10 சதவீதம். அடுத்து வந்த மாங்தேசுவிலும் புனாத்சாங்சு-2-லும் மானியம் 30 சதவீதம்தான். 2008-ல் தொடங்கிய புனாத்சாங்சு-1 திட்டத்தில், 2013-ல் அணை கட்டும் இடத்தின் வலது கரை மலைச்சரிவு சரிந்தது. அன்று முதல் இழுபறிதான். சுமார் 3,500 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 9,000 கோடியைத் தாண்டிவிட்டது. ஒரு யூனிட் மின்சாரம்கூட வராத இத்தனை ஆண்டுகளிலும் கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்தத் தாமதம் பூட்டானால் மட்டும் வந்ததா? வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் முக்கியப் பங்கு இந்திய நிறுவனங்களுக்கு. மலை சரிந்தது யார் குற்றமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நஷ்டத்தின் பெரும்பகுதியை, எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நாட்டின் கடன் கணக்கில் எழுதுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

நாம் கொடுத்ததையே பட்டியல் போடும் பழக்கமும் நமக்கு உண்டு. 2003 டிசம்பரில் பூட்டான் தன் சிறிய படையை இறக்கி, தன் தெற்குக் காடுகளில் முகாமிட்டிருந்த, அசாமைச் சேர்ந்த உல்ஃபா, போடோ ஆயுதக் குழுக்களை விரட்டியது. அன்றைய மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் தாமே களத்துக்குப் போனார். அதனால் நிம்மதி அடைந்தது நம் அசாம். அப்படிப்பட்ட நாட்டில் 2013-ல் தேர்தல் நடக்கும் வேளையில், சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் தந்துவந்த மானியம் திடீரென்று நின்றது. பிறகு திரும்பக் கொடுத்தோம், சரி. ஆனால் அடுப்படி வரை போன அந்த வலியை அங்கே இருப்பவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

அணை வேலையை மறுபடி தொடங்க இரு அரசுகளும் 2025 நவம்பரில் ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. வேலை வேகமெடுக்கும் முன்பே கடனைப் பற்றியும் பேசி முடியுங்கள். தாமதமான ஆண்டுகளுக்கு ஏறிய வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள். மிச்சக் கடனுக்குச் சுக்காவின் 60-40 விகிதத்தையே கொண்டுவாருங்கள். குளிர்காலத்தில் ஆற்றில் நீர் வற்றும்போது பூட்டான் நம்மிடமே மின்சாரம் வாங்குகிறது. அதற்கும் கட்டுப்படியாகும் விலையை நீண்டகால ஒப்பந்தமாக எழுதிக் கொடுங்கள்.

நம் பட்ஜெட்டுக்கு இது பெரிய தொகையே இல்லை.

இப்படிக்கு,
ஓர் இந்தியக் குடிமகன்