மணமான மகளும் வீட்டு ஆள்தான்: நம் வீட்டுவசதிச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவர், இயக்குநர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு வரவிருக்கும் துணைவிதித் திருத்த வரைவைச் சங்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். படித்தேன். குடும்பம் என்றால் உறுப்பினர், அவர் மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். வேறு யார் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினாலும் குழுவிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் நோட்டீஸ். ஒரு வீட்டுக்கு ஒரே உறுப்பினர், ஒரே பெயர்.

இதை எழுதியவர் எந்த ஊரோ, கீழக்கரைப் பக்கம் பெண் எடுத்தவராக இருக்க முடியாது. இங்கே மரைக்காயர் வீடுகளில் நிக்காஹ் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடோ, வீட்டில் ஒரு பங்கோ ஒதுக்கிவிட்டுத்தான் சம்பந்தமே பேசுவோம். அதற்காகத்தான் பாதிப் பேர் இந்தச் சங்கத்தில் பங்கு வாங்கினோம். இப்போது வரைவு சொல்கிறது: நிக்காஹ் முடிந்த மறுநாள் அவள் குடும்பத்தில் இல்லை. கீழே உம்மா, மாடியில் மகள் என்று இருக்கிற என் வீட்டில், மாடிக்கு நான் மனுப் போட வேண்டும். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு பெருநாளைக்கு மட்டும் வந்து போகும் மகன், கல்யாணமாகாத ஒரே காரணத்தால், குடும்பத்துக்குள் வருகிறான். யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கவா இந்த விதி, யார் பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்று பார்க்கவா?

பூட்டிய வீட்டுக்கு நோட்டீஸ் என்பதும் நம் ஊருக்குப் பொருந்தாதது. காலனியில் கடல் தொழில் வீடுகளும் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நேரம் கேரளக் கரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. தொழில் கிடைத்தால் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார்கள். நோட்டீசை யார் கதவில் ஒட்டுவீர்கள்?

ஒரே பெயர் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தவணை கட்ட வருவது பெண்கள். ஐந்தாம் தேதி வாக்கில் சங்கத்து ஜன்னலுக்குப் போய்ப் பாருங்கள். பாஸ் புத்தகத்தை நகைக்கடைப் பையில் சுற்றிக்கொண்டு, முன்னால் நிற்கிற லாத்தாவிடம் (அக்காவிடம்) அபராத வட்டி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ரசீது மட்டும் வீட்டுக்காரர் பெயரில் வரும். வீட்டுக்காரர் சபுராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர், துபாயிலோ ஷார்ஜாவிலோ இருப்பார். கடலுக்குப் போகிறவர் என்றால், இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் மாதக்கணக்கில் சிறையில் இருக்கும் நிலைமையும் உண்டு. பேரவையில் ஓட்டு அவருக்கு மட்டும். ஒரு விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து இல்லை என்று என்னை மூன்று மாதம் அலைய வைத்ததும் இதே ஜன்னல்தான். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையை அரசாங்கம் 2023இல் குடும்பத் தலைவியின் கணக்கில்தான் போடத் தொடங்கியது. சங்கத்துக்கு மட்டும் அவள் யாரென்று தெரியாதா?

வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவின் 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் ஒரே பங்கை இருவர் பெயரில் வைத்துக்கொள்ள விட்டது. முதல் பெயர்காரர் வந்தால் ஓட்டு அவருக்கு, வராவிட்டால் இரண்டாம் பெயருக்கு. ஒரு பங்குக்கு ஒரு ஓட்டுத்தான் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. நம் தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்குள் இதற்கு எவ்வளவு இடம் உண்டு என்று துணைப் பதிவாளரிடம் எழுதிக் கேளுங்கள். திருத்தம் பதிவானால்தானே செல்லும், எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும்.

நாமினி விஷயத்திலும் வரைவு குழப்புகிறது. உறுப்பினர் மௌத்தானால் (இறந்தால்) வாரிசுகள் எல்லாரும் ஒத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பங்கு மாறும் என்கிறது. இந்திராணி வாஹி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: சங்கம் நாமினி பெயருக்கு மாற்றித் தர வேண்டும், சொத்து யாருக்கு என்பதை வாரிசுகள் தங்களுக்குள் தனியே தீர்த்துக்கொள்ளலாம். மேற்கு வங்கச் சட்டத்தின் கீழ் வந்த வழக்குத்தான், ஆனாலும் நம் சங்கத்து வக்கீல் படித்துப் பார்க்கட்டும். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனின் கையெழுத்துக்காக கணவர் இறந்து இத்தாவில், அதாவது துக்கக் காத்திருப்பில், இருக்கிற பெண்ணைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இந்த வரைவு ஏன் வந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா வந்தால் சில வீடுகள் லாட்ஜ் ஆகிவிடுகின்றன. ஒரு அறையில் பத்துப் பேர், போர் தண்ணீர் இரண்டே நாளில் உப்புக் கரிக்கும், வேன்கள் தெருவை அடைத்து நிற்கும். அதை நிறுத்துங்கள், நானும் கை தூக்குகிறேன். பணம் வாங்கிக்கொண்டு ஆள் தங்க வைக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று ஒரே வரியில் எழுதினால் போதும். நாலு வீட்டுக்காரர்களை முகத்துக்கு நேரே கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, காலனி முழுவதற்கும் அனுமதி மனு அச்சடிப்பானேன்?

பேரவைக்கு முன்பாக வரைவின் நகலை வீட்டுக்கு வீடு கொடுங்கள். பலகைக்கு முன்னால் நின்று படிக்கப் பெண்களுக்குத் தோதுப்படாது. கூட்டத்தை வெள்ளிக்கிழமை காலையில் வைக்காமல், அஸர் தொழுகைக்குப் பிறகு சாயங்காலம் வையுங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்து பேசலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி சேருங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
காலனியில் ஒரு குடும்பத் தலைவி