தேதியை மேலே போடுங்கள்: தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றின் பக்கங்களை வடிவமைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

வானம் இருண்டாலே உங்கள் விடுமுறைச் செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் எப்படிச் சுற்றுகின்றன என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பின் பெற்றோர் குழுவைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு மழை இரவில், நாளை எந்தெந்த மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று கேட்கும் தலைப்போடு உங்களில் ஒருவரின் இணைப்பு அந்தக் குழுவுக்கு வந்தது. அது 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சமயத்தில் எழுதிய செய்தி. ஓராண்டு பழையது. மறுநாள் கணிதத் தேர்வுக்குச் சில பிள்ளைகள் வரவில்லை.

பெற்றோர் சரிபார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். சரிபார்க்கத்தான் ஐயா, அவர்கள் அந்த இணைப்பைத் திறந்தார்கள்.

அப்படித் திறந்த தாய் ஒருவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கு வந்து தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். திறந்து பார்த்தேன். முதலில், அறிவிப்புகளை அனுமதிக்கச் சொல்லி ஒரு பெட்டி. அதை மூடினால், செயலியை நிறுவச் சொல்லி மேலே ஒரு பட்டை. தலைப்பு தெரிந்தது, முதல் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் நகைக்கடை விளம்பரம். மூலையில் செய்திக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. திரையின் அடியில், எவ்வளவு நகர்த்தினாலும் விலகாத இன்னொரு விளம்பரம். படிப்பதற்கு மிஞ்சியது மூன்று வரி உயரம். ‘மேலும் படிக்க’ என்பதைத் தொடப் போனேன். அதே நொடியில் ஏதோ ஒரு படம் வந்திறங்கிப் பக்கத்தையே கீழே தள்ள, விரல் விளம்பரத்தில் பட்டு, கடன் தருகிற செயலி ஒன்றின் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பி வந்தால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. மாவட்டங்களின் பெயர்கள் பக்கத்தின் கடைசியில் இருந்தன. தேதி அவற்றுக்கும் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

“எங்க டீச்சர் தேதி இருக்கு?” என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பிலிருந்தோ ஃபேஸ்புக்கிலிருந்தோ வருகிறவர் உங்கள் முகப்புப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நேராக ஒரு செய்திக்குள் வந்து இறங்குகிறார். முன்பின் எதுவும் அவருக்குத் தெரியாது. என்ன செய்தி, எந்த ஊர், எந்த நாள் என்ற மூன்றும் அவருக்கு முதல் திரையிலேயே கிடைத்தாக வேண்டும். ஆகவே என் முக்கியமான கோரிக்கை இதுதான்: தேதியைத் தலைப்புக்கு அடியில், படிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள், அதையும் முதல் பத்தியையும் எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது முடியாத காரியம் இல்லை. பக்கம் குதிப்பதற்குக் காரணம், விளம்பரத்துக்கான உயரத்தை முன்கூட்டியே ஒதுக்காமல் விடுவது. ஒதுக்கிவிட்டால் விளம்பரம் எப்போது வந்தாலும் எழுத்து நகராது. இந்தக் குதிப்பை அளப்பதற்கென்றே கூகுள் 2020இல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. உங்கள் தொழில்நுட்பக் குழுவுக்கு அது தெரியாமல் இருக்காது. இணைப்போடு வாட்ஸ்அப்பில் தெரியும் படமும் தலைப்பும் நீங்கள் பக்கத்தில் எழுதிவைக்கும் ஓப்பன் கிராஃப் குறிப்புகளிலிருந்து வருபவை. ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த முறை அது. அந்தப் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் 2019இலேயே, பழைய செய்திகள் பகிரப்படும்போது அந்தப் படத்திலேயே ஆண்டைப் பதித்துக் காட்டத் தொடங்கியது. பக்கத்தைத் திறந்தாலும் இது பழைய செய்தி என்று மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கிறது. இங்கே எழுதிய தேதியை மறைத்து, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று வேறொரு தேதியைக் காட்டும் தளங்களைப் பார்க்கிறேன். ஓப்பன் கிராஃப் குறிப்புகளைக்கூட எழுதாமல் விட்ட தளங்களும் உண்டு. அவற்றின் இணைப்பு சில நேரம் படமும் தலைப்பும் இல்லாமல் வருகிறது. முகவரி தமிழில் இருந்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஆங்கில எழுத்து, எண், சதவீதக் குறி என்று மொத்தம் ஒன்பது குறிகளாக உடைந்து, அரைத் திரைக்கு நீள்கிறது. அதைப் பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று பயப்படுகிறார், பயப்படுவதும் நியாயம்தான்.

தலைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடை உங்களிடம் இருக்கும்போது எதற்குக் கேள்வி கேட்கிறீர்கள்? ‘கடலூர், விழுப்புரம் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று எழுதினால் இணைப்பைத் திறக்காமலே ஊர் முழுவதற்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்ற கவலையா? புயல் இரவில் சேதி போய்ச் சேருவதைவிடப் பெரிய வேலை ஒரு செய்தித் தளத்துக்கு என்ன இருக்கிறது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 ஏமாற்று வடிவமைப்பு முறைகளைப் பட்டியலிட்டுத் தடை விதித்தது. செய்தி போல் வேடமிட்டு வரும் விளம்பரமும் அவற்றில் ஒன்று. உங்கள் பக்கங்களைத் திறந்து, அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, நீங்களே பாருங்கள்.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் இல்லாமல் தளம் நடக்காது, செய்தியாளருக்குச் சம்பளம் வராது என்பது எனக்கும் தெரியும். விளம்பரத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. இரண்டாவது பத்திக்குக் கீழே வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேதி தலைப்புக்கு அடியில் இருக்கட்டும். பகிரும் படத்திலும் தேதி இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பு, உங்கள் சேமிப்பில் இருக்கும் பழைய விடுமுறைச் செய்திகளிலாவது ‘இது பழைய செய்தி’ என்று ஆண்டோடு ஒரு பட்டையைப் போட்டுவிடுங்கள். முதலில் அந்த ஒரு வேலையை முடித்துத் தரும்படி பெற்றோர்கள் சார்பாகவும் பிள்ளைகள் சார்பாகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர்