ஆகஸ்ட் 27 – டேவிட் பார்க்கர் நினைவு நாள், ராத்திரி 8 மணிக்கு ஜூம்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற 27ஆம் தேதி டேவிட் பார்க்கர் நினைவு நாள் (2013ல இறந்தார்), அன்னைக்கு ராத்திரி 8 மணிக்கு ஜூம்ல ஒரு மணி நேரம் அவரப் பத்தி பேசலாம்னு இருக்கோம், லிங்க் அன்னைக்கு சாயங்காலம் போடுறேன்.

புதுசா சேர்ந்தவங்களுக்கு: பார்க்கர் (Barker) இங்கிலாந்து சவுத்தாம்ப்டன்ல இருந்த எபிடமியாலஜிஸ்ட், அதாவது எந்த நோய் யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு ஆராய்றவர். 1920கள்ல குழந்தைங்க அதிகமா செத்த ஏரியாலதான் பிற்பாடு ஹார்ட் அட்டாக் சாவும் அதிகம்னு மேப் வெச்சுப் பார்த்து 1986ல எழுதினார். அப்போ பலபேர் நம்பல. ஆனா மனுஷன் விடல, இங்கிலாந்துலயே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ங்கிற மாவட்டத்துல 1911லருந்து நர்சுங்க வீடு வீடா போய் குழந்தை எடைய எழுதி வெச்ச பழைய லெட்ஜருங்க கிடைச்சுது, அதுல இருந்த ஆம்பளப் பிள்ளைங்க பின்னாடி என்ன ஆனாங்கன்னு தேடிப் பிடிச்சா, எடை கம்மியா இருந்தவங்கதான் ஹார்ட் பிரச்சனைல அதிகமா போயிருக்காங்க. 1989ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல இது வந்துச்சு. எனக்கு என்னவோ பாதி கிரெடிட் அந்த நர்சுங்களுக்குத்தான் போகணும்னு தோணும் 😊

நம்ம பக்கமும் தொடர்பு இருக்கு, மைசூர்ல ஹோல்ட்ஸ்வர்த் மெமோரியல் ஹாஸ்பிடல்ல 1934லருந்து இருந்த பிரசவ ரெக்கார்டு வெச்சு அவரோட டீம் இதே மாதிரி பாத்தாங்க, அத ரெண்டு பேர் தனியா பேசுவாங்க.

வர்றவங்க மட்டும் ஒரு தம்ப்ஸ் அப் போடுங்க, குட்மார்னிங் இமேஜ் வேணாம் ப்ளீஸ்.