யெர்பா புவனா ஜாஸ் குழுவின் கதையைச் சொல்ல உதவியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சான் பிரான்சிஸ்கோவின் யெர்பா புவனா ஜாஸ் குழுவைப் பற்றித் தமிழில் பேசி, அவர்களுடைய பழைய இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்ட நம் மாலைக் கூட்டங்கள் நல்லபடியாக முடிந்தன. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஜாஸை உட்கார்ந்து கேட்பது அதுவே முதல்முறை. அப்படியும் கடைசி நாளில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிய பிறகு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இது ஒருவரால் நடக்கிற காரியமில்லை. உதவியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி ஓக்லாந்தில் இருக்கும் அந்தப் பெரியவருக்கு. வீட்டில் ஓர் அறை முழுக்க நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளை வைத்திருக்கிறார். யெர்பா புவனா குழுவை நடத்திய லூ வாட்டர்ஸ் தன் குழுவுடன் 1941 டிசம்பரில் ஜாஸ் மேன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த தட்டுகளைக் கேட்டுத்தான் அவரிடம் போனேன். அவர் எடுத்துப் போட்டதோ வேறு: கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் குழு 1923-இல் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பதிவு செய்தது. மைக் கிடையாது, ஒரு பெரிய குழலைச் சுற்றி நின்று வாசித்த காலம். ஆலிவரும் இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டிரம்பெட் போன்ற, அதைவிடச் சிறிய கார்னெட்கள் இரண்டில் சேர்ந்து வாசிக்கிறார்கள். "இதைக் கேட்காமல் அதைக் கேட்டால் பாதிதான் புரியும்" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே நம் கூட்டங்களையும் அமைத்தேன். அது எவ்வளவு சரி என்பதை முதல் மாலையிலேயே எல்லோரும் பார்த்தீர்கள்.

வாட்டர்ஸ் தொடங்கிய இடமும் அந்தத் தட்டுகள்தான். 1911-இல் சாண்டா குரூஸில் பிறந்தவர். கப்பல்களில் வாசித்து, முப்பதுகளின் கடைசியில் ஓக்லாந்தின் ஸ்வீட்ஸ் பால்ரூமில் பெரிய நடனக்குழு நடத்தினார். ஊரெல்லாம் ஸ்விங் இசை. பதினைந்து பேர் சேர்ந்து, எழுதி வைத்ததைப் பார்த்து வழவழவென்று வாசிக்கும் காலம். ஆலிவர் வாசித்த, ஜாஸ் பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸின் பாணி பழசாகிப் போனது. கிங் ஆலிவரே 1938-இல் சவானா நகரில் வறுமையில் இறந்துபோனார். அந்த நேரத்தில் வாட்டர்ஸும் டிராம்போன் வாசிக்கும் டர்க் மர்ஃபியும் இன்னும் சிலரும், வயிற்றுப்பாட்டுக்கான வேலை முடிந்த பின்னிரவில், ஓக்லாந்து மலைப்பக்கத்தில் இருந்த பிக் பேர் என்ற மதுக்கடையில் கூடி இந்தப் பழைய இசையை வாசித்துப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லாத இசையை அவர்கள் விரும்பியே எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அப்புறம் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை வாசிக்கும் நண்பர். வேலை முடிந்து களைத்து வந்தவர், அவ்வளவு கனமான கருவியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். தாளத்தின் நான்கு எண்ணிக்கைகளில் டியூபா முதலாவதிலும் மூன்றாவதிலும் அடியைப் போட, தந்திக் கருவியான பாஞ்சோ நான்கையும் மீட்டிக்கொண்டே போகும் என்று வாசித்தே காட்டினார். ஸ்விங் குழுக்களில் அந்த இடத்தில் நிற்கும் பாஸும் கிடாரும் நடையைச் சமமாக ஓட விடுகின்றன. வாட்டர்ஸ் குழுவில் அது தரையில் காலை ஊன்றி நடக்கிறது. டிரம்ஸ் வாசித்த பில் டார்ட் ஏன் மரக்கட்டையை அவ்வளவு தட்டுகிறார் என்று ஒரு சிறுவன் கேட்டான் அல்லவா? அதற்கும் இந்த நண்பர்தான் பதில் சொன்னார். 1923-இல் முழு டிரம்ஸ் ஒலியைப் பதிவுக் கருவி தாங்காது. அதனால் ஆலிவர் குழுவின் பேபி டாட்ஸ் மரக்கட்டையில் வாசித்தார். பதினெட்டு வருடம் கழித்து, தட்டைக் கேட்டுக் கற்றவர்கள் அந்தக் கட்டையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மாலையில் நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்த நம் மாமா எழுந்து சொன்னதை நானே யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வாட்டர்ஸும் பாப் ஸ்கோபியும் சேர்ந்து கார்னெட் வாசிக்கும் இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது இரட்டை நாகஸ்வரம் மாதிரி. ஒருத்தர் பிடியை எடுக்கும்போதே மற்றவர் எங்கே போகணும்னு தெரிஞ்சு போறார்" என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தின் காதே மாறிவிட்டது. மேலே எல்லிஸ் ஹார்னின் கிளாரினெட் பின்னுவதையும், கீழே மர்ஃபியின் டிராம்போன் உறுமுவதையும் தனித்தனியே பிடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். மாமா, நன்றி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மரபு ஜாஸ் குறித்த பெரிய சேகரம் இருக்கிறது. அங்கே பணியில் இருந்தவர்கள் பொறுமையாகப் பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்தார்கள். வாட்டர்ஸ் குழு வாசித்த டான் கிளப்பைப் பற்றி நான் சொன்னபோது எல்லோருக்கும் இடமே கண்ணில் தெரிந்தது என்றீர்கள். அதற்குக் காரணம் அவர்கள்தான். மார்க்கெட் தெருவிலிருந்து பிரியும் ஆனி தெருவில், பேலஸ் ஹோட்டலுக்குப் பின்புறம் ஒரு நிலவறை. 1939 கடைசியிலிருந்து அங்கே வாசித்தார்கள், கூட்டம் ஆடியது. பியானோவில் வாலி ரோஸ். பாஞ்சோவும் பாட்டும் கிளான்சி ஹேஸ். ரோஸ் அந்த முதல் பதிவுகளில் வாசித்த 'பிளாக் அண்ட் ஒயிட் ராக்' 1908-இல் வந்த ராக்டைம், அதாவது ஜாஸுக்கு முந்தைய, தாளம் தள்ளி விழும் பியானோ இசை. மறந்துபோயிருந்த ராக்டைம் பியானோவை மறுபடி மக்கள் காதில் போட்டதில் அந்த ஒரு தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் குழு பழைய தட்டுகளைப் பிரதி எடுத்ததோடு நின்றுவிட்டது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வாட்டர்ஸ் புதிதாக எழுதியவற்றின் பெயர்களைப் பாருங்கள்: 'பிக் பேர் ஸ்டாம்ப்', 'ஆனி ஸ்ட்ரீட் ராக்', 'எம்பரர் நார்டன்ஸ் ஹஞ்ச்'. அவர்கள் கூடிய மதுக்கடை, வாசித்த தெரு, 1859-இல் தன்னை அமெரிக்காவின் பேரரசர் என்று அறிவித்துக்கொண்ட சான் பிரான்சிஸ்கோ மனிதர். குழுவின் பெயரே அந்த நகரத்துக்கு 1847 வரை இருந்த பெயர். நியூ ஆர்லியன்ஸிடம் கற்றுக்கொண்டு தங்கள் ஊரைத்தான் வாசித்தார்கள்.

அடுத்த நன்றியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டில் இருக்கும் கறுப்பினப் பெண்மணி தேவாலயத்தில் டிரம்பெட் வாசிப்பவர். என் திட்டத்தைக் காட்டியபோது முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குழுவில் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். இந்த இசை யாருடையதோ அவர்கள் உன் கதையில் எங்கே?" அந்தக் கேள்வியால்தான் மூன்றாம் மாலை முழுவதும் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின டிரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனுக்குப் போனது.

லூசியானாவின் நியூ ஐபீரியாவில் பல் விழுந்து, டிரம்பெட்டை விட்டுவிட்டு இருந்தவர் பங்க். ஜாஸ் வரலாற்றைத் தேடியவர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். பல் கட்டிக் கொடுத்தவர் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணன், பல் மருத்துவர் லெனார்ட் பெஷே. 1942-இல் மறுபடி பதிவு செய்தார். 1943-இல் சான் பிரான்சிஸ்கோ வந்தார். அப்போது வாட்டர்ஸ் கடற்படையில் சேர்ந்து ஹவாயில் இருந்தார், குழுவில் பாதிப் பேர் போருக்குப் போயிருந்தார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் பங்குடன் சேர்ந்து வாசித்தார்கள், 1944-இல் பதிவும் செய்தார்கள். அந்நாளில் அந்த நகரத்தின் இசைக்கலைஞர் சங்கமே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தது. யாருடைய இசையோ அவருடன் ஒரே மேடையில் நிற்பதற்கே தடை வந்தது. இதைச் சொல்லாமல் அந்தக் குழுவைப் பாராட்டினால் பாராட்டு பொய்யாகிவிடும். அந்தப் பதிவுகளைக் கேட்டபோது கூட்டத்தில் நிலவிய அமைதியை என் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அம்மா, உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

போருக்குப் பின் கதை வேகமாக ஓடுகிறது. 1946-இல் டான் கிளப் மறுபடி திறந்தது, சீக்கிரமே மூடியது. 1947-இல் எல் செரிட்டோவில் ஹாம்போன் கெல்லிஸ் என்ற கிளப்பைக் குழுவினரே கூட்டாக எடுத்து நடத்தினார்கள். பலர் அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். மர்ஃபியும் ஸ்கோபியும் பிரிந்து போய்த் தனிக்குழு அமைத்தார்கள். 1951 புத்தாண்டோடு கிளப் மூடப்பட்டது, குழுவும் முடிந்தது. ஆனால் பழைய பதிவுகளை வாங்கி மறுவெளியீடு செய்த குட் டைம் ஜாஸ் நிறுவனத்தின் தட்டுகள் கடல் கடந்து போயின. அதைக் கேட்டு எத்தனையோ ஊர்களில் டியூபாவையும் பாஞ்சோவையும் தூசி தட்டி எடுத்தார்கள். மர்ஃபி சான் பிரான்சிஸ்கோவில் தன் எர்த்க்வேக் மெக்கூன்ஸ் கிளப்பை 1984 வரை நடத்தினார். 1987 ஜனவரியில் கார்னகி ஹாலில் வாசித்துவிட்டு அதே ஆண்டு மே மாதம் மறைந்தார்.

வாட்டர்ஸ் என்ன ஆனார்? இதைச் சொல்லிக் கொடுத்தவர் நிலவியல் படித்த நம் தோழி. இசையை விட்ட பிறகு அவர் நிலவியலில் இறங்கினார், கனிமம் சேகரித்தார். சமையல் வேலை, தச்சு வேலை இரண்டும் செய்தார். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே போடேகா முனையில், சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவுக்குப் பக்கத்திலேயே, அணுமின் நிலையம் கட்டக் குழி தோண்டினார்கள். பாறையைப் படித்த மனிதரால் சும்மா இருக்க முடியுமா? 1963-இல் அங்கே நடந்த எதிர்ப்புக் கூட்டத்தில், கதிர்வீச்சு காற்றில் எப்படிப் பரவும் என்று காட்ட 1,500 பலூன்களைப் பறக்கவிட்டார்கள். பல ஆண்டுகளாக மேடை ஏறாத வாட்டர்ஸ் அங்கே வந்து வாசித்தார். பார்பரா டேன் பாட, மறுபடி பதிவும் செய்தார். 1964 அக்டோபரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் 1989-இல் இறந்தார். கலிபோர்னியாவின் சான் பெனிட்டோ மாவட்டத்தில் கிடைத்த பாதரசக் கனிமம் ஒன்றுக்கு வாட்டர்சைட் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். தோழி அந்தக் கனிமத்தின் படத்தைத் திரையில் காட்டியபோது எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கூடத்தை வாடகை வாங்காமல் கொடுத்தவருக்கும், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும், ஒவ்வொரு முறையும் சுண்டலும் காபியும் கொண்டுவந்த அக்காக்களுக்கும், வாத்தியப் பெயர்களைப் பெரிய அட்டையில் தமிழில் எழுதி மாட்டிய பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த அட்டைகள் இல்லாமல் கார்னெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் வித்தியாசம் சொல்லியே ஒரு மாலை போயிருக்கும்.

ஓக்லாந்து ஐயாவின் தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ஹாம்போன் கெல்லிஸ் காலத்துப் பதிவுகளைப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்புபவர்கள் சொல்லுங்கள், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்