வாடகை அதிகாரி எங்கள் மண்டலத்துக்கு வர வேண்டும்: நெல்லை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் கீழ்வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் கணவரின் பணி ஓய்வுப் பணத்தில் எழும்பிய மாடி அது. மகாராஜநகர், தியாகராஜநகர், என்ஜிஓ காலனி, கே.டி.சி. நகர் என்று எங்கே போனாலும் இப்படி வீடு விடுகிறவர்கள்தான் நிறைய இருக்கிறோம். வரும் வாடகையில் மருந்து மாத்திரை, வீட்டு வரி, பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள். எங்களையும் வரிசையாக வீடு கட்டி விட்டிருப்பவர்களையும் ஒரே கணக்கில் வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு அரசு கொண்டுவந்த புதிய வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். நல்ல சட்டம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கென்று நியமிக்கப்படும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. என்ன தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்பதற்குக்கூட அட்டவணை போட்டிருக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் வயரும் பைப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்சும் குழாய் வாஷரும் குடியிருப்பவர் பொறுப்பு. இந்த அட்டவணை வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தால் மாடிப்படிச் சண்டைகளில் பாதி நின்றுபோகும்.

ஆனால் எங்கள் தெருவில் இன்னும் நடப்பது பழைய வழக்கம்தான். பதினோரு மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். பலரிடம் அந்தத் தாளும் கிடையாது. இணையதளத்தில் பதியலாம் என்பது உண்மை. ஆதார், பான் எண், ஒப்பந்த நகல் எல்லாம் அதில் கேட்கிறார்கள். எழுபது வயதில் ஒரு போர்ஷனை விட்டிருக்கும் அம்மாவுக்கு அதைச் செய்துகொடுக்க யார் இருக்கிறார்கள்? ஒரு கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தபோது, அப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது என்றார் அந்தத் தம்பி.

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை மாதாமாதம் வரும். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. காலி செய்கிறவர் கடைசி இரண்டு மாதமும் வாடகை தராமல், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சாமானை ஏற்றுவார். அவர் போன பிறகு ரீடிங் எடுக்க வருவார்கள். இணைப்பு என் பேரில் இருப்பதால் நான்தான் கட்டியாக வேண்டும். இடையிலேயே புதுக் குடித்தனம் வந்துவிட்டால் அது வேறு தலைவலி. இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் ஏற ஏற ஒவ்வொரு படியிலும் ரேட் கூடும். பழையவர் இருபது நாள் இருந்தார், புதியவர் நாற்பது நாள் இருக்கிறார் என்றால் அந்த நூறு யூனிட் யாருக்கு? கூடின ரேட் யார் தலையில்? காலி செய்கிற அன்று மீட்டரைப் பார்த்து நானும் அவரும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். அது எங்களுக்குள் இருக்கும் நம்பிக்கை, அவ்வளவுதான். மறுத்துப் பேசினால் அந்த நோட்டை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகுவது, தட்டோடு பெயர்வது, போர் தண்ணீரின் உப்பு பைப்பை அடைப்பது எல்லாம் வீடு என்று இருந்தால் வரத்தான் செய்யும். 2022-ல் சொத்து வரியும் கூடியது, அதையும் கட்டிவிட்டோம். அதற்காக நான் இதை எழுதவில்லை.

என் மனதை அரிப்பது வேறொன்று. சிக்கல் வந்தால் போய்ச் சொல்ல இடமில்லாத வீட்டுக்காரர், "தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது" என்று நினைக்கிறார். நம் ஊரில் தெரிந்த ஆள் என்றால் நாலு தெரு தள்ளி மாமனோ மச்சானோ இருக்கிறவர், கூப்பிட்டுப் பேசப் பெரியவர் ஒருவர் இருக்கிறவர் என்று அர்த்தம். கடைசியில் அது "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. சாதியை ஜாமீனாக வைத்து வீடு விடுகிறார்கள். சட்டம் கைக்கு எட்டினால் மட்டும் இந்தக் கேள்வி ஒழிந்துவிடாது, அதை நான் அறிவேன். ஆனால் "பாதுகாப்புக்காகக் கேக்கேன்" என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் அந்தச் சாக்காவது பறிபோக வேண்டும்.

போன வருஷம் மாடியைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு உள்ளே வராமலேயே நின்றாள். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தன் ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்பதற்காகக் காத்திருந்தாள். கையில் வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டையை வைத்திருந்தாள். தண்ணீர் எந்த நேரம் வரும், மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று நான் காட்டத் தொடங்கிய பிறகுதான் படியேறி வந்தாள். அந்தப் பிள்ளை இப்போதும் எங்கள் மாடியில்தான் இருக்கிறாள். ஒன்றாம் தேதி பிறந்தால் வாடகை கைக்கு வந்துவிடும். எத்தனை வாசலில் நின்று அந்தப் பழக்கம் அவளுக்கு வந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று வெளியூர்க்காரர்களை நம்பித்தான் பாளையங்கோட்டை வளர்ந்தது. அவர்களுக்குக் கதவு திறக்க வேண்டாமா?

ஐயா, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக நியமிப்பது ஆட்சியர்தான் என்கிறது சட்டம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்த அதிகாரி பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர், திருநெல்வேலி என்று மாநகராட்சியின் நான்கு மண்டல அலுவலகங்களிலும் மாதத்தில் ஒவ்வொரு நாள் உட்கார வேண்டும். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஆதாரோடு சேர்ந்து வந்தால் அங்கேயே பதிந்து, பதிவு எண்ணைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். எளிய தமிழில் இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். அதில் பழுது அட்டவணை இருக்கட்டும். குடி வரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் மீட்டர் ரீடிங் எழுத இடம் இருக்கட்டும். மின்வாரியத்தோடும் நீங்கள் ஒரு வார்த்தை பேசி, காலி செய்யும் அன்றே கணக்கு முடித்துத் தர ஏற்பாடு செய்தால் இரு தரப்பும் உங்களை வாழ்த்துவோம்.

முதல் முகாமை எங்கள் மண்டலத்தில் வைத்தால் பெருமாள்புரத்திலிருந்து வீட்டுக்காரர்களையும் அவர்கள் மாடியில் குடியிருப்பவர்களையும் அழைத்து வருவது என் பொறுப்பு. இந்த மடலையே மனுவாக எழுதி, கொக்கிரகுளத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் உங்கள் கையில் தருகிறேன்.

இப்படிக்கு,
மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை