எந்த முழத்தால் அளந்தோம் என்று எழுதுங்கள்: காவிரிப் படுகையின் மரபுத் தரவுகளைத் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில் ஆவணங்களையும் அருங்காட்சியகப் பதிவேடுகளையும் சுவடிப் பட்டியல்களையும் கணினியில் ஏற்றும் பொறுப்பில் உள்ள பெருமதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்துக்கு அருகே ஒரு கோயிலின் உலாத் திருமேனிகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்தேன். இரண்டு அலுவலகங்கள் தயாரித்த இரண்டு பட்டியல்கள் என் கையில் இருந்தன. ஒன்றில் ‘நடராஜர், ஐம்பொன், 94 செ.மீ.’ என்றும் மற்றொன்றில் ‘ஆடவல்லான், செம்பு, 71 செ.மீ.’ என்றும் இருந்தது. இரண்டு திருமேனிகள் என்று கொண்டு, ஒன்றைக் காணவில்லை என்று அறிக்கை எழுதும் அளவுக்குப் போய்விட்டோம். குருக்கள் கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் இருப்பது ஒன்றே என்று தெரிந்தது. ஒருவர் பீடத்தையும், திருமேனியைச் சூழ்ந்து நிற்கும் வளைவான திருவாசியையும் சேர்த்து அளந்திருந்தார். மற்றவர் திருமேனியை மட்டும் அளந்திருந்தார். இருவர் அளவும் சரி. எதை அளந்தோம் என்பதை மட்டும் இருவரும் எழுதவில்லை.

இந்த இடத்தில் நமக்கு ஆசானாக நிற்பவை 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள். அங்கே செப்புத் திருமேனிகளைப் பதிவு செய்தவர்கள், கோயிலில் இருந்த முழத்தால் அளந்ததாகக் கூறி, பாதாதிகேசாந்தம் (பாதம் முதல் முடி வரை) இத்தனை விரல் என்று திருமேனியின் உயரத்தைத் தனியே எழுதி, பத்மம் (தாமரைப் பீடம்), பீடம், பிரபை (திருவாசி) ஆகியவற்றை வேறு வேறாகக் குறித்திருக்கிறார்கள். பொன்னை நிறுத்தபோது ‘ஆடவல்லான்’ என்ற எடைக்கல்லின் பெயரையும் வெட்டினார்கள். ‘நான் கொடுத்தவை, அக்கன் (தமக்கை) கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை’ என்று கொடையாளர் வாரியாகப் பிரித்தே எழுதச் சொன்னான் இராசராசன். இவ்வளவு ஒழுங்கான மரபு உள்ள மண்ணில், கணினிப் பட்டியலில் ‘உயரம்’ என்று ஒரே ஒரு கட்டம் வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, உங்கள் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான புதிய சொற்களஞ்சியத்தை வகுக்கும்போது பெயரை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் என்றும் மாறாத ஓர் எண் கொடுத்து, ஆடவல்லான், நடராஜர், கூத்தப்பெருமான் ஆகிய பெயர்கள் அனைத்தையும், அவை எந்த ஆவணத்தில் வருகின்றன என்ற குறிப்போடு, அந்த எண்ணின் கீழ் வைக்க வேண்டும். ஒருமுறை வழங்கிய எண்ணை எக்காரணம் கொண்டும் அழிக்கலாகாது. தவறு என்று தெரிந்தால், சரியான எண்ணைச் சுட்டும் குறிப்போடு பழையதை அப்படியே விட்டுவைப்பதே முறை.

ஊர்ப்பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், நாகையிலிருந்து 1997-இல் திருவாரூரும் 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. 1980-இல் எழுதிய பதிவேட்டில் உள்ள ‘தஞ்சாவூர் மாவட்டம்’ இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் அன்று. காலத்தைக் குறிக்காத இடப்பெயர் நம்மை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

எல்லாவற்றையும் நாமே புதிதாகப் படைக்கவும் தேவையில்லை. உலக அருங்காட்சியக அவையின் ஆவணக் குழு உருவாக்கிய சிடாக் சிஆர்எம் என்ற கருத்துருச் சட்டகம் 2006-இல் ஐஎஸ்ஓ 21127 என்ற தரமாக ஏற்கப்பட்டது. ஒரு பொருளைப் பற்றிய செய்திகளை அது நிகழ்ச்சிகளாகப் பிரித்து எழுதுகிறது: வார்த்தது, கொடுத்தது, இடம் பெயர்ந்தது, கை மாறியது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது. அது 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பியது. கோயிலில் இருந்த திருமேனிதான் அது என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படங்கள். அந்த வரலாற்றை ‘இருப்பிடம்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் அடைக்க முடியுமா? படம் ஓரிடத்திலும் கோயில் பதிவேடு வேறிடத்திலும் இருக்கும்போது, இரண்டும் ஒரே எண்ணைச் சுட்டினால் தேடுபவரின் வேலை எவ்வளவோ எளிதாகும்.

பிறமொழிக் களஞ்சியங்களோடு நம் சொற்களை இணைக்கும்போது அவசரம் கூடாது. சொற்களஞ்சியங்களைக் கணினியில் எழுதவும் இணைக்கவும் உதவும் ஸ்கோஸ் என்ற வடிவம் முழு நிகர், நெருங்கிய நிகர், பரந்த நிகர் என்று வேறுபடுத்த இடம் தருகிறது. திருவாசியை மேலைநாட்டு ஒளிவட்டத்தோடு முழு நிகராகக் கட்டிவிட்டால், நம் பொருளின் இயல்பே மறைந்துபோகும். அதை நெருங்கிய நிகர் என்றே குறிக்க வேண்டும். ‘ஐம்பொன்’ என்பது வழக்கா, ஆய்வில் கண்டதா என்பதையும், சொன்னவர் யார், எந்த நாளில் என்பதையும் அதே பதிவில் சேர்க்க வேண்டும்.

உங்கள் குழுவில் கணினி வல்லுநர்களும் கல்வெட்டறிஞர்களும் இருப்பார்கள். சுவாமிமலையில் மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி வார்க்கும் ஸ்தபதிகளையும், திருமேனிகளை நாள்தோறும் தொட்டு அலங்கரிக்கும் குருக்கள்மாரையும் அதே மேசையில் அமர்த்துங்கள். முதல் வரைவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிட்டு, பிழை சொல்ல மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள். என்னிடம் உள்ள அந்த இரண்டு பட்டியல்களையும், ஒப்பிட்டு எழுதிய குறிப்பேட்டையும் உங்கள் பணிக்குத் தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஓர் ஆவணப் பணியாளர்